டோன் திருகில் ஒரு சிவப்புப் பொட்டு

பிப்ரவரி 4

மளிகைக் கடையில் என் மனைவி பியூலாவுக்கு இலவசமாகக் கொடுத்த டைரி. ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எனக்கு யாரையாவது திட்ட வேண்டும், வீட்டில் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் ‘சுருதிமாலை’ மெல்லிசைக் குழுவின் கச்சேரி. இருபத்திரண்டு வருஷமாக அதில் லீடு கிட்டார் நான்தான். பகலில் டிவி மெக்கானிக் தவசிங், மேடையில் கிட்டார் தவசிங். பாளையங்கோட்டையில் இரண்டு பேருக்கும் மரியாதை உண்டு என்று நினைத்திருந்தேன்.

கச்சேரி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில், குழுத் தலைவர் கோமதிநாயகம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார்: “என்னவே தவசிங், கிட்டாரா வாசிச்சீரு? தகரத்தைல்லா சுரண்டுனீரு! காது கூசிட்டுவே!”

அவர் தலையில் இருக்கும் டோப்பா கோணியிருந்தது. அதை நான் பந்தியில் சொன்னேனா? சொல்லவில்லை.

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். எல்லோருடைய சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற எங்கள் மிக்சர் போர்டில் பத்து வருஷமாக உட்கார்ந்திருந்த பீர்முகமது பாய், பேரன் பிறந்திருக்கிறான் என்று ஜனவரியில் துபாய் போய்விட்டார். இப்போது அங்கே சுடலை என்று ஒரு புது ஆள். அவனுக்குச் சத்தம் வைக்கத் தெரியவில்லை. பாய் இருந்தவரை ஒரு நாள் ஒரு குறை வந்ததுண்டா?

பிப்ரவரி 6

என் பழைய ஓவர்டிரைவ் பெடலைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே காலடியில் கிடக்கிற பெட்டி அது. மிதித்தால் தந்தியின் சத்தம் கொஞ்சம் கரகரத்து, தொண்டை கட்டினவன் உருகிப் பாடுவது போல ஆகும். மீட்டர் வைத்துப் பார்த்ததில் எல்லாப் பார்ட்டும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் முன்னைப் போல அதில் கணீர் இல்லை. இரண்டு வருஷமாகவே மங்கிக்கொண்டு வருகிறது.

வயசாகிவிட்டது அதற்கு. நானே ஒன்று கட்டப் போகிறேன். இருபது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவனுக்கு ஒரு ஐசியும் இரண்டு டயோடும் பெரிய விஷயமா?

பிப்ரவரி 11

எலெக்ட்ரிக் கடையில் சுவருக்குள் புதைக்கிற இரும்பு சுவிட்ச் பெட்டி வாங்கி அதில் துளை போட்டேன். மூன்று திருகு: டிரைவ், டோன், லெவல். கீழே கால் சுவிட்ச். போர்டில் ஈயம் வைக்கும்போது கட்டைவிரல் பொத்துவிட்டது.

பியூலா மார்க்கெட்டுக்குப் போகும்போது, நாலு விசில் வந்ததும் குக்கரை இறக்கச் சொல்லிவிட்டுப் போனாள். விசிலே வரவில்லை. அவள் வந்து பார்க்கும்போது சோறு கரிக்கட்டை. அடுப்பங்கரைக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். விசிலை மாற்று என்றால், மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று வாய்க்குள்ளேயே முனகுகிறாள். இப்போதெல்லாம் இந்த வீட்டில் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை.

பிப்ரவரி 17

பெடல் பேசிவிட்டது! முதல் மிதியிலேயே பச்சை லைட் எரிந்து, சத்தம் வந்துவிட்டது. துள்ளிக் குதித்தேன். மகள் எப்சிபா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் ஓடி வந்து, “எப்பா, சூப்பர்ப்பா!” என்று கை தட்டினாள். இந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

அரை மணி நேரம் வாசித்த பிறகுதான் தெரிந்தது. கனம் இருக்கிறது, கரகரப்பு இருக்கிறது, ஆனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போல. கூர்மை இல்லை. டோன் திருகுக்குப் பக்கத்தில் 224 என்று போட்ட சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. சத்தத்தின் முனையை மழுக்குகிற வேலை அதனுடையது. அதைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னதான 104 போட்டேன். சின்னதாகப் போடப் போட முனை கூடும்.

“இப்போ எப்படி?” என்றேன். எப்சிபா “முன்னையே நல்லாத்தானப்பா இருந்துச்சு” என்றாள். பிள்ளைக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 25

நேற்றைய கச்சேரியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

புதுப் பெடலோடு போனேன். நாங்கள் எப்போதும் வாசிக்கிற ஒரு மெதுவான பாட்டின் தொடக்கத்தில் நான் மட்டும் தனியாக வாசிக்கிற பதினெட்டு செகண்ட் உண்டு. இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பதினெட்டு செகண்டால்தான் தெரியும். வழக்கமாக முதல் சுரத்துக்கே கீழே விசில் பறக்கும். நேற்று முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். வாயைத் திறந்து அழுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மேடைக்குப் பின்னால் கோமதிநாயகம் இந்த முறை சத்தம் போடவில்லை. “தவசிங், ஏப்ரல் பத்தொம்பது நம்ம குழுவோட வெள்ளிவிழா. அதுக்குள்ள உம்ம சத்தத்தைச் சரி பண்ணிரும். இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ராஜபாளையத்துல ஒருத்தர்ட்ட பேசி வச்சிருக்கேன்.”

இருபத்திரண்டு வருஷம்! பேசி வைத்திருக்கிறாராம்.

என்னிடமிருந்து கிட்டாரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கிற ஒரு ஆள் இருக்கிறான்.

பிப்ரவரி 26

104-ஐக் கழற்றி, அதைவிடச் சின்ன 473 போட்டேன். போதவில்லை.

பிப்ரவரி 29

இன்னும் சின்ன 223. போதவில்லை. ஐசியை மாற்றினேன். டயோடை மாற்றினேன். கிட்டாரில் தந்தி முழுவதையும் புதிதாக மாற்றினேன். புதுத் தந்திக்கு வெள்ளி போல ஒரு மினுக்கம் இருக்குமே, அதுவும் இல்லை. இப்போது தந்திகூடக் கலப்படம்.

மார்ச் 5

ஓய்வுபெற்ற ஒரு சார் தன் பழைய டியூப் டிவியை ஆட்டோவில் கொண்டுவந்தார். “கீச்சுன்னு ஒரே சத்தம் தம்பி, உக்காந்து பாக்க முடியல” என்றார். ஓட்டிப் பார்த்தேன். படம் அருமை, கீச்சும் இல்லை பூச்சும் இல்லை. “சார், இதுல ஒண்ணும் கேக்கலையே” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து “என்ன அண்ணாச்சி, ரம்பம் அறுக்குத மாதிரி சத்தம்!” என்றார். சார் டிவியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் கடை வாசலில் நின்றே, உள்ளே டிவி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கீச்சை வைத்துச் சொல்லிவிடுவேன்.

தலை வலிக்கிறது. இன்று இவ்வளவு போதும்.

மார்ச் 9

இந்த வருஷம் கொசுவே இல்லை. பியூலா ஏன் தினமும் கொசுவத்தி ஏற்றி மூச்சு முட்ட வைக்கிறாள் என்று தெரியவில்லை. கையில் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது. வேர்க்குருவாக இருக்கும்.

மார்ச் 14

சண்டை. பியூலா சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்தாள். காது மூக்கு தொண்டை டாக்டர், டோக்கன் நம்பர், தேதி.

“ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்ங்க. நான் கூட வாரேன்” என்றாள்.

“யாருக்குக் காட்டணும்? என் காதுக்கா? இந்தக் காதை வச்சித்தான் இருபத்திரண்டு வருஷமா நாலு ஜில்லாவுல வாசிக்கேன்! சுருதி அரை நூல் விலகினா பிடிச்சிருவேன், தெரியுமா?”

“சுருதி கேக்குது. நான் பின்னால நின்னு கூப்பிட்டா கேக்கலயே!”

“நீ முனகினா எப்படிடீ கேக்கும்?”

அவள் அழுதாள். அழட்டும் என்று எழுந்து போனேன். அப்புறம் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சீட்டு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. புத்தகத்துக்கு அடையாளமாக இருக்கட்டும்.

மார்ச் 21, பெரிய வெள்ளி

கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை. மைக் சரியில்லை. போதக ஐயர் பிரசங்கத்தில் பாதி வார்த்தைக்கு மேல் புரியவில்லை. மற்றவர்கள் கண்ணைத் துடைத்தபோது நானும் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 28

முனையை மழுக்குகிற கெப்பாசிட்டரையே பிடுங்கி எறிந்துவிட்டேன். டோன் திருகை முழுக்க வலப்பக்கம் வைத்தேன். ஆம்ப்ளிஃபயரிலும் ட்ரெபிளை, அதாவது கூர்ச்சத்தத்தை, முழுக்க ஏற்றினேன். ஏதோ கொஞ்சம் வந்தது. நான் தேடுகிற சத்தத்தின் வாசலையாவது தொட்டுவிட்டேன். ஸ்தோத்திரம்!

சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், எப்சிபா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை.

“ஏட்டி, முன்னாலயே சொல்ல வேண்டியதுதான?” என்றேன்.

ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது. சரி சரி என்று தலையை ஆட்டினேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 8

பீர்முகமது பாய் வந்துவிட்டார். கடைக்கு நேராக வந்தார், கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். எனக்குத் தெய்வத்தையே கண்டது மாதிரி. “பாய், நீங்க இல்லாம நான் நாறிப் போனேன். அந்தச் சுடலைப் பய என் சத்தத்தைக் குட்டிச்சுவராக்கிட்டான்” என்று எல்லாவற்றையும் கொட்டினேன். புதுப் பெடலை எடுத்து, கடையிலேயே மாட்டி, அந்தப் பதினெட்டு செகண்டை வாசித்துக் காட்டினேன்.

பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். வாசித்து முடித்ததும் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அவரே அணைத்தார். பிறகு என் முகத்துக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தவசிங், ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க பாய்.”

“சுடலை மேல தப்பு இல்ல. அவன்ட்ட போன்ல கேட்டேன், போர்டுல எல்லாத்தையும் நடுவுலதான் வச்சிருக்கான். நாலு வருஷமா உம்ம லைன்ல ட்ரெபிளை நான் இறக்கியே வச்சிருந்தேன். நீரு ஒவ்வொரு வருஷமும் அங்ஙன ஏத்துவீரு, நான் இங்ஙன இறக்குவேன். கடைசி வருஷம் என் திருகு அடிவரைக்கும் போயிட்டு. அதுக்கு மேல இறக்க இடம் இல்ல.”

“எதுக்கு?”

“ஜனங்க காதைப் பொத்தக் கூடாதுல்லா. உம்மட்ட சொல்ல எனக்கு வாய் வரல. மன்னிச்சிரும்.”

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. பொறாமை பிடித்த மனுஷன் என்றேன். கிட்டாரைத் தொடத் தெரியாதவனுக்கு என் சத்தத்தில் என்ன வேலை என்றேன். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷரைப் பார்த்து “வெளிய போரும்” என்றேன். டீ சொல்லியிருந்தேன், அது வருவதற்குள் போய்விட்டார். பேரீச்சம்பழம் மேசையில் இருக்கிறது.

ஏப்ரல் 9

கடை திறக்கவில்லை.

ஏப்ரல் 10

பொய் சொல்லாத சாமான் ஒன்று என் கடையில் இருக்கிறது. ஆசிலேட்டர். ஒரு திருகைத் திருப்பினால் அடித்தொண்டைச் சத்தத்தில் தொடங்கி, கீச்சென்று மேலே போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு மேலே என்று எண் காட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்பீக்கரில் இணைத்தேன். எப்சிபாவுக்கு நேற்றோடு பரீட்சை முடிந்துவிட்டது. எதிரே உட்கார வைத்தேன்.

“சத்தம் கேக்கிற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிரு. நின்னதும் இறக்கிரு” என்றேன்.

திருப்ப ஆரம்பித்தேன். ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம். நன்றாகக் கேட்டது. மூவாயிரத்துக்கு மேல் தேய்ந்தது. மூவாயிரத்து இருநூறில் நின்றுவிட்டது. கைதான் எங்கோ வயரைத் தட்டிவிட்டது என்று குனிந்து பார்த்தேன். வயர் சரியாக இருந்தது. நிமிர்ந்தால் பிள்ளையின் கை அப்படியே மேலே இருக்கிறது.

நாலாயிரம். கை இறங்கவில்லை. ஆறாயிரம். இறங்கவில்லை. பத்தாயிரத்தில் அவள் முகத்தைச் சுளித்தாள், கையை இறக்கவில்லை. அடுப்பங்கரையிலிருந்து பியூலா காதைப் பொத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நான் திருப்பிக்கொண்டே இருந்தேன். இறக்கு, இறக்கு, ஆண்டவரே அந்தக் கையை இறக்கும் என்று ஜெபித்தேன். பதினைந்தாயிரத்தில் பியூலா காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எப்சிபாவின் கை மட்டும் பதினேழாயிரம் வரை நின்றது.

அந்த அறையில் அவ்வளவு நேரமும் எனக்கு ஒரு சத்தமும் இல்லை.

பிள்ளை எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எப்போதோ தெரியும். இந்த வீட்டில் எல்லோருக்கும் எப்போதோ தெரியும்.

ஏப்ரல் 12

டாக்டர். மார்ச் மாதச் சீட்டோடு போனேன், தேதி தாண்டிவிட்டது என்று வேறு டோக்கன் கொடுத்தார்கள். உள்காது நரம்பு போய்விட்டதாம். மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. பேச்சு புரிவதற்கு மெஷின் வைக்கலாம்.

“ஸ்பீக்கர் பக்கத்துலயே எத்தனை வருஷம் நின்னீங்க?” என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“போனது போகட்டும் சார், பழைய மாதிரி கிட்டார் சத்தம் மட்டும் எப்ப கேக்கும்?” என்றேன். பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்ன பதில் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன். ஐம்பத்தொரு வயசில் இப்படி அழுவேன் என்று நினைத்ததில்லை. எந்த மேடையில், எந்தப் பாட்டில் அந்தக் கணீரைக் கடைசியாகக் கேட்டேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கடைசித் தடவை என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் வாசித்திருப்பேன்.

ஏப்ரல் 15

பெடலைத் திறந்தேன். பிடுங்கி எறிந்த இடத்தில் 224-ஐயே திரும்ப வைத்து ஈயம் போட்டேன். முதல் நாள் எப்படிக் கட்டினேனோ அப்படியே.

எப்சிபாவைக் கூப்பிட்டேன். “இந்தா, டோன் திருகு. நீ திருப்பு. நான் வாசிக்கேன். உனக்கு எங்க நல்லா இருக்கோ அங்க நிறுத்து.”

“நானாப்பா?”

“பின்னே நானா?”

தரையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். ஒரு இடத்தில் கையை எடுத்தாள். “இங்ஙனப்பா. இதுக்கு மேல போகாதீங்க.” பாதிக்கும் கீழே. எனக்குப் பக்கத்து வீட்டில் யாரோ தலையணைக்கடியில் வாசிப்பது போலக் கேட்டது. அவள் தன் நெயில்பாலிஷை எடுத்துவந்து திருகிலும் பெட்டியிலும் நேருக்கு நேராகச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

மதியம் ஒரு தடவை வெறுப்பில் திருகை முழுக்கத் திருப்பினேன். பிறகு பொட்டுக்கே கொண்டுவந்து வைத்தேன்.

ஏப்ரல் 17

காலையில் மேலப்பாளையம் போனேன். பாய் வீட்டு வாசலில் நின்று, “பாய், என்னைச் செருப்பால அடியும்” என்றேன். “உள்ள வாரும், மொதல்ல டீயக் குடியும். அன்னைக்குக் குடிக்காத டீ பாக்கி நிக்கி” என்றார். வெள்ளிவிழாவுக்கு மிக்சரில் அவரே உட்காருவதாகச் சொன்னார்.

அங்கிருந்து ஒத்திகைக்கு. கோமதிநாயகத்தைத் தனியாக அழைத்து டாக்டர் சீட்டைக் காட்டினேன். மறைத்து வைத்து வாசிக்க என்னால் முடியாது. “ராஜபாளையத்துக்காரரை வரச் சொல்லணும்னா இப்பவே சொல்லிரும்” என்றேன்.

சீட்டை மடித்து என் கையிலேயே கொடுத்தார். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: “பதினஞ்சு வருஷமா என் தலையில இருக்கது டோப்பான்னு உமக்குத் தெரியும். ஒரு நாள் யார்ட்டயாச்சும் சொன்னீரா? பெட்டியை மாட்டும்வே, கேப்போம்.”

வாசித்தேன். அவர் போனை எடுத்து ராஜபாளையத்துக்குப் பேசினார். வர வேண்டாம் என்று அவர் வாய் சொல்வதைப் பார்த்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

நேற்று திடல் நிறைந்த கூட்டம். என் ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பாட்டு வந்தது. பெடலை மிதித்தேன், பச்சை லைட் எரிந்தது. முதல் சுரம். எனக்கு மண்ணைப் போட்டு மூடின சத்தம். இத்தனை ஜனத்துக்கு முன்னால் இப்படியா வாசிப்பது என்று இருந்தது. என்னை அறியாமல் குனிந்துவிட்டேன், திருகில் விரல் பட்டுவிட்டது. ஒரு சின்னத் திருப்புத் திருப்பினால் போதும். சிவப்புப் பொட்டு கண்ணில் பட்டது. கையை எடுத்துவிட்டேன்.

மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலை நம்பி வாசித்தேன். திறந்தபோது முன்வரிசையில் ஆட்கள் வாயில் விரலை வைத்து விசிலடிப்பது தெரிந்தது. விசில் கேட்கவில்லை. மிக்சர் பக்கம் திரும்பினேன். பாய் இரண்டு கையையும் போர்டிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். அவர் எதையும் இறக்கவில்லை.

கோமதிநாயகம் கட்டிப்பிடித்துக் காதில் ஏதோ சொன்னார். மூன்று தடவை சொல்லச் சொன்னேன். “அதே சத்தம்வே, அதே பழைய சத்தம்!” என்றார். நான் வாசித்ததிலேயே நல்ல பதினெட்டு செகண்ட் அதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அதைக் கேட்காத ஆள் நான் ஒருவன்தான்.

இன்று காலை எப்சிபாவை என் எதிரே உட்கார வைத்து, “எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. சூப்பர்னு மட்டும் சொல்லாத” என்றேன். மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

“அழுது அழுது ஓஞ்ச பிள்ளை, அம்மாவப் பாத்ததும் ஒரு விக்கு விக்குமேப்பா. அது மாதிரி இருந்துச்சு.”

நாலு தடவை படித்துவிட்டேன்.

கையில் தடிப்பு இன்னும் இருக்கிறது. பியூலாவிடம் கொசுவத்தி ஏற்றச் சொன்னேன்.